தண்ணீர் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு

குவேக்கர்ஸ் ஹில் ஆலையில் பயிலுநராகச் சேரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பிள்ளை. சிட்னியில் நம் ஆட்களுக்குள் வைத்தியர் உண்டு, கணக்காளர் உண்டு, கணினிக்காரர் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஊர் கழுவிக் கொட்டிய தண்ணீரை மறுபடியும் ஆற்றுக்கு உகந்ததாக்கும் வேலைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. உன் ஆலையிலிருந்து வெளியேறும் தண்ணீர் பிரேக்ஃபாஸ்ட் கிரீக்கில் விழுந்து, ஈஸ்டர்ன் கிரீக் வழியே சவுத் கிரீக்கைச் சேர்ந்து, ஹோக்ஸ்பரி ஆற்றோடு ஓடி புரோக்கன் பேயில் கடலில் கலக்கிறது. வழி நெடுக மீன் உண்டு, பறவை உண்டு, தோட்டக்காரர் உண்டு. அத்தனை பேரும் உன் முகம் பார்க்காமலே உன்னை நம்பியிருக்கிறார்கள்.

முதல் நாளிலிருந்தே மின்சாரத்தை மிச்சம் பிடி, இரசாயனத்தை மிச்சம் பிடி என்று உன்னிடம் சொல்வார்கள். அது சரியான பேச்சுத்தான். இயந்திரங்களைப் பற்றி அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். அவற்றின் பக்கத்தில் நிற்கிற ஆள் எப்படி இருக்க வேண்டும் என்பதை மாமா சொல்கிறேன். இந்தத் தொழிலில் நான் கண்ட வீண்செலவில் பெரும்பகுதி கெட்ட இயந்திரத்தால் வந்ததல்ல. கவனிப்பு விட்டுப்போனதால் வந்தது.

1. முதலில் ஆறு, பிறகுதான் மின்கட்டணம். இந்த வரிசையை ஒருநாளும் மாற்றாதே. தொட்டியில் நுண்ணுயிர்களுக்கு ஊதும் காற்றைக் குறைத்தால் மின்சாரம் உடனே குறையும். அது திரையிலும் தெரியும், மாத முடிவில் தாளிலும் தெரியும். ஆனால் காற்றுப் போதாத தொட்டியில் அமோனியா அப்படியே தங்கும். அது ஓடைக்குப் போனால் மீனுக்கு நஞ்சு. அரைகுறையாகக் காற்றுக் கொடுக்கும்போது நைதரசு ஒட்சைட்டும் கிளம்பக்கூடும். அந்த வாயு காபனீரொட்சைட்டைப்போல 273 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. மாதக் கணக்கு அழகாக வரவேண்டும் என்று கடைசி வாரத்தில் காற்றைப் பிடித்துவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். கணக்கு அழகாகத்தான் வந்தது. அடுத்த வாரம் தொட்டியை மறுபடியும் நிலைக்குக் கொண்டுவர, மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாக மின்சாரம் போனது. தண்ணீரைக் கெடுத்துச் சேர்த்தது சேமிப்பல்ல பிள்ளை, ஆற்றிடம் வாங்கிய கடன்.

2. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஊரில் சொல்வார்கள். நீ உண்மையிலேயே ஆற்றில் போடுகிறவள், ஆகவே அந்தப் பழமொழி உனக்கென்றே பிறந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே மின்கட்டணத் தாளைக் கேட்டு வாங்கிப் பார். எந்த மோட்டர் எவ்வளவு இழுக்கிறது, பத்து இலட்சம் லீற்றர் தண்ணீரைச் சுத்தம் செய்ய எத்தனை அலகு போகிறது என்று உன் கையால் ஒருமுறை கணக்குப் போடு. காற்றூட்டிச் சுத்திகரிக்கும் ஆலைகளில் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி, சில இடங்களில் அதற்கும் மேல், காற்று ஊதுவதற்கே போகும். மீதியில் பெரும்பங்கு பம்புகளுக்கு. இது தெரியாத இடங்களில் மின்விளக்கை எல்லாம் மாற்றிவிட்டுக் கைகழுவிக்கொள்வார்கள். விளக்கை மாற்று, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் கவலை போகவேண்டிய இடம், காற்று ஊதும் இயந்திரங்கள் நிற்கும் புளோவர் அறை. உலகம் முழுவதும் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் தண்ணீர்த் துறைக்கே போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2016இல் கணக்குச் சொன்னது. அவ்வளவு பெரிய கணக்கும் கடைசியில் உன்னைப் போன்ற ஒருத்தி திருப்பும் ஆழியில் வந்து முடிகிறது.

3. கருவியை நம்பு, ஆனால் போய்ப் பார்த்துவிட்டு நம்பு. என் தொடக்க நாட்களில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆலையில், இரவு ஷிப்ட். காற்றூட்டும் தொட்டியில் கரைந்திருக்கும் ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். கொன்ட்ரோல் ரூம் திரை 0.8 என்று காட்டிக்கொண்டே இருந்தது. குறைவு என்று திரை சொல்வதால் புளோவர் முழு மூச்சில் ஓடியது. ஓடியும் எண் ஏறவில்லை. இன்னொரு புளோவரையும் போடலாமா என்று நாங்கள் இளையவர்கள் பேசிக்கொண்டிருந்தோம். மால்டாவிலிருந்து வந்து குடியேறிய மூத்த ஆபரேட்டர் ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டியின் விளிம்புக்குப் போனார். நுரையின் நிறத்தைப் பார்த்தார், குமிழி எழும்பும் விதத்தைப் பார்த்தார், மூக்கால் ஒருமுறை இழுத்தார். இங்கே காற்றுப் பஞ்சம் இல்லை என்றார். பிறகு சென்சர் கட்டியிருந்த கம்பியை மேலே இழுத்தார். நுனி முழுவதும் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான படலம். அதன்மேல் ஈரத்துடைப்பானின் நார் ஒன்று சுற்றிக் கிடந்தது. நாரை விரலால் உருவி எறிந்தார். மென்மையான துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, நுனி கீறாதபடி மெல்லத் துடைத்தார். திரும்ப இறக்கினார். சில நிமிடங்களில் திரை 2.9 என்றது. கொஞ்ச நேரத்தில் புளோவரின் சத்தம் தானாகவே இறங்கியது. சென்சரின் மேல் படிந்திருந்த நுண்ணுயிர்கள் அதன் வாசலிலேயே ஒட்சிசனைக் குடித்துக்கொண்டிருந்தன. தொட்டிக்குப் பசியே இல்லை. அப்படி எத்தனை இரவு வீணாய் ஓடியதோ, யாருக்கும் தெரியாது.

அன்று அவர் எங்களைத் திட்டவில்லை. துணியை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். உன் ஆலையில் சென்சர்களைத் துடைக்க ஒரு முறைவரிசை இருக்கும். அந்த வேலை சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதே, விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்.

4. அவசரப்படாதே. நீ வேலை வாங்குவது மோட்டரிடம் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடமும். அவற்றுக்கு உன் நாட்காட்டி தெரியாது. குவேக்கர்ஸ் ஹில்லுக்கு வந்திருக்கும் நெரெடா முறையைப் பற்றிப் பயிற்சியில் சொல்வார்கள். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் வான் லோஸ்ட்ரெக்ட்டும் அவர் கூட்டத்தாரும் வளர்த்தெடுத்த முறை அது. வழக்கமான ஆலையில் நுண்ணுயிர்கள் பஞ்சுபோலப் பறந்து திரியும், மெதுவாகத்தான் அடியில் படியும். நெரெடாவில் அவை குருணைகளாகத் திரண்டு, காற்றை நிறுத்தியதும் விறுவிறென்று அடியில் இறங்கிவிடும். ஒரே குருணையின் வெளிப்புறத்தில் ஒட்சிசன் இருக்கும், உள்ளே இருக்காது. ஆகவே வெவ்வேறு தொட்டிகளில் நடக்கவேண்டிய வேலை ஒரு குருணைக்குள்ளேயே நடக்கிறது. படியவைக்கத் தனித் தொட்டி வேண்டாம், சேற்றைத் திருப்பி அனுப்பும் பம்ப் வேண்டாம், இடமும் மின்சாரமும் மிச்சம். ஆனால் அந்தக் குருணைகள் திரண்டு வர மாதக்கணக்கில் ஆகும். பசியைத் தாங்கி, மெதுவாக வளரும் உயிர்களுக்கு இடம்கொடுத்து, வேகமாய்ப் பெருகுவனவற்றைப் பட்டினி போட்டுத்தான் அவற்றை உருவாக்க முடியும். பொறுமை இல்லாத ஆபரேட்டர் கையில் எந்தப் புது முறையும் பழைய பஞ்சுச் சேறாகிவிடும். நாளுக்கு ஒரு மாற்றம் செய்யாதே. ஒன்றை மாற்று, காத்திரு, எழுதிவை, பிறகு அடுத்ததைத் தொடு.

5. பம்பை மெல்ல ஓட்டக் கற்றுக்கொள். யாழ்ப்பாணத்தில் எதிர்காற்றில் சைக்கிள் ஓடினவர்களுக்கு இது விளங்கும். கொஞ்சம் வேகம் கூட்டினால் உயிர் போகும், கொஞ்சம் குறைத்தால் பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம். பம்பும் அப்படித்தான். குழாயின் உராய்வை எதிர்த்து மட்டும் தள்ளும் பம்பின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உயரத்துக்கு ஏற்றும் பம்பில் இந்தக் கணக்கு அப்படியே வராது. ஏற்றவேண்டிய உயரத்தை ஏற்றித்தான் ஆகவேண்டும், அளவுக்கு மீறி வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் மேலே போகவே போகாது. ஆகவே உன் பம்ப் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள். பம்பை முழு வேகத்தில் விட்டு, வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைத்திருந்தால் ஏன் என்று கேள். பெரும்பாலும் ஒரு காலத்தில் ஒரு காரணம் இருந்திருக்கும், காரணம் போன பிறகும் வால்வு மட்டும் அப்படியே நிற்கும். உறிஞ்சும் கிணற்றில் தண்ணீர் மட்டத்தைச் சற்று உயர்த்திவைத்தாலும் ஏற்றும் உயரம் குறையும். மழை வருகிற நாளில் மட்டும் அதைச் செய்யாதே, பொங்கி வழிந்துவிடும்.

இன்னொன்று. கூரைக்குக் கூரை சூரியத் தகடு வந்த பிறகு இந்த மாநிலத்தில் நண்பகலில் மின்சாரம் மலிகிறது, மாலையில் விலை ஏறுகிறது. சேறு பிழிவது, தொட்டி நிரப்புவது போன்ற பொறுக்கக்கூடிய வேலைகளை நண்பகலுக்கு நகர்த்த முடியுமா என்று மேலாளரிடம் கேட்டுப் பார்.

6. ஒவ்வொரு லீற்றர் தண்ணீருக்குள்ளும் யாரோ செலவழித்த எரிபொருள் இருக்கிறது என்பதை மறவாதே. இதை எனக்குச் சொல்லித்தந்தது எந்தப் பயிற்சி வகுப்பும் அல்ல, எங்கள் ஐயா. 1990இல் பொருளாதாரத் தடை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பெற்றோல் மருந்துக்கும் இல்லை. சில துளி பெற்றோலை விட்டு வாட்டர் பம்பைக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மண்ணெண்ணெயும் போத்தல் கணக்கில்தான் கிடைக்கும். ஐயா விடியுமுன்னே தோட்டத்துக்குப் போவார், வெயில் ஏறினால் பாதித் தண்ணீரை அது குடித்துவிடும் என்று. வாய்க்கால் வரம்பில் நண்டு துளை, எலி துளை இருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டே வருவார். வெங்காயப் பாத்திகளில் கடைசிக்கு முந்தியது நிரம்பும்போதே பம்பை நிறுத்திவிடச் சொல்லிக் கை காட்டுவார். வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போதும். போதும் என்பதை அவர் அளந்து வைத்திருந்தார். மண்ணெண்ணெய் தாராளமாய்க் கிடைத்த காலத்தில் அந்தக் கணக்கை யாரும் போட்டதில்லை.

துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. பம்ப் வந்ததும் இறைக்க இறைக்கத் தண்ணீர் என்று நினைத்தோம், கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போயின. இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது, நாளுக்கு 24,000 கன மீற்றர் தரவல்லது. குடிக்கத் தண்ணீர் இல்லாத மக்களுக்கு அது வேண்டியதுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் பார். பத்து மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து 1,000 லீற்றர் இறைக்க ஓர் அலகில் இருபதில் ஒரு பங்கு போதும். கடல்நீரிலிருந்து அதே 1,000 லீற்றரை எடுக்க மூன்று நான்கு அலகு வேண்டும். நல்ல தண்ணீரைக் காப்பாற்றாமல் விட்டால் பிறகு அறுபது மடங்கு மின்சாரம் கொடுத்து வாங்கவேண்டி வரும். கசியும் குழாயை, ஒழுகும் வால்வை நீ பார்க்கும்போது ஐயாவின் கால் அந்த வரம்பில் மிதித்துப் பார்த்ததை நினைத்துக்கொள்.

7. அயல் ஆலைக்காரனைப் போட்டியாக நினைக்காதே. உன் ஆலைக்கே இதில் நல்ல வரலாறு இருக்கிறது. சவுத் கிரீக்கில் பொஸ்பரசும் நைதரசனும் கூடிப் பாசி மண்டிய காலத்தில், 1996இல், நியூ சவுத் வேல்ஸ் சுற்றுச்சூழல் அதிகாரசபை குவேக்கர்ஸ் ஹில், சென்ட் மேரிஸ், ரிவர்ஸ்டோன் ஆகிய மூன்று ஆலைகளையும் ஒரே குமிழிக்குள் இருப்பதாகக் கணக்கில் எடுத்து, மூன்றுக்கும் சேர்த்து ஒரே எல்லையை வைத்தது. ஒவ்வொரு ஆலையும் தனித்தனியே எல்லாவற்றையும் கட்டத் தேவையில்லை. எங்கே குறைந்த செலவில் கூடுதலாகக் குறைக்க முடியுமோ அங்கே செய்யலாம், ஆற்றுக்குப் போகும் மொத்தச் சுமை குறைந்தால் சரி. எனக்கு அது மிகப் பிடித்த ஏற்பாடு. ஆறு எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை, எவ்வளவு வந்தது என்றுதான் கேட்கிறது.

அதே உறவு பிறகும் தொடர்ந்தது. 2007இல் சிட்னியின் அணைகள் மூன்றில் ஒரு பங்களவுக்கு வற்றியதை உன் அம்மாவிடம் கேள், தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கக்கூட நாளும் நேரமும் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு 2010இல் சென்ட் மேரிஸில் உயர்நிலைச் சுத்திகரிப்பு ஆலை திறந்தார்கள். பென்ரித், சென்ட் மேரிஸ், குவேக்கர்ஸ் ஹில் ஆகிய மூன்று இடத்துத் தண்ணீரையும் நுண்வடியாலும் எதிர்ச் சவ்வூடுபரவலாலும் சுத்தமாக்கி, நாளுக்கு 5 கோடி லீற்றர் வரை நேப்பியன் ஆற்றுக்கு விட வல்லது. ஆற்றுக்காக வொரகம்பா அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அதனால் குடிநீருக்கு மிஞ்சியது. அந்தச் சவ்வுகளுக்கு மின்சாரம் கூடுதலாய் வேண்டும். ஆனாலும் வறண்ட ஊரில் அணைத் தண்ணீரின் விலையை மின்கட்டணத் தாளில் மட்டும் பார்க்க முடியாது. உன் ஆலைக்கு நல்லதாகத் தோன்றுவது அடுத்த ஆலைக்குச் சுமையா, மொத்த ஆற்றுக்கு நன்மையா என்று இரண்டு பக்கமும் பார்த்துப் பேசு.

8. புதியதைக் கண்டு மயங்காதே, பழையதைக் கண்டு சலிக்காதே. மெல்பேர்ண்காரர்கள் வெரிபீயில் 1897 முதல் கழிவுநீரை ஏற்றுச் சுத்தம் செய்துவருகிறார்கள். அங்குள்ள சில குளங்களுக்கு மூடி போட்டு, எழும்பும் வாயுவைப் பிடித்து, அங்கேயே மின்சாரம் எடுக்கிறார்கள். இங்கே நோர்த் ஹெட்டில் சுத்திகரித்த நீர் ஏறத்தாழ 60 மீற்றர் கீழே விழும்போது அந்த விழுகையிலிருந்தே மின்சாரம் கிடைக்கிறது. சிட்னியின் மலபாரில் 2023 முதல் சேற்றிலிருந்து வரும் வாயுவைச் சுத்தம் செய்து வீடுகளுக்குப் போகும் எரிவாயுக் குழாயில் சேர்க்கிறார்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளுக்கு 4.5 கோடி லீற்றர் வீதம் கழிவுநீரைச் சவ்வு வழியே சுத்தமாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலைகள் ஓடுகின்றன. தொழிற்சாலை வாங்கும் அளவுக்குக் குடிநீர் ஊருக்கு மிஞ்சும். எல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய வாயு எஞ்சின் பல மாதம் துணி போர்த்தி நின்றதைக் கண்டிருக்கிறேன். ஷாம்பு, முகப்பூச்சு வழியாகக் கழிவுநீரில் சேரும் சிலொக்சேன் வாயுவோடு எஞ்சினுக்குள் போய் எரிந்து, கண்ணாடிபோல் இறுகிப் படிந்து, எல்லாவற்றையும் தேய்த்துவிட்டது. வாயுவைச் சுத்தம் செய்யும் வடியின் கரியை மாற்ற ஒருவருக்கும் பொறுப்பு கொடுத்திருக்கவில்லை. எஞ்சினுக்குத் திறப்பு விழா நடந்தது, கரி மாற்றுவதற்கு ஆள் இல்லை. யாராவது புது இயந்திரம் வாங்கிவந்தால், இதைத் துடைப்பவர் யார், இதற்கு எப்போது என்ன மாற்றவேண்டும் என்று கேட்கிற பிள்ளையாய் இரு.

9. மருந்தைக் கூட்டிப் போட்டால் பாதுகாப்பு என்று எண்ணாதே. பொஸ்பரசைப் பிடிக்க இரும்பு உப்போ படிகாரமோ விடுவார்கள். தேவைக்கு மேல் விட்டால் சேறு பெருகும். அந்தச் சேற்றைப் பிழியவும் லொறியில் ஏற்றவும் வேறு செலவு.

10. பதிவேட்டில் பொய் எழுதாதே, விட்டுப்போன எண்ணை ஊகித்தும் நிரப்பாதே. வெறுமையாய் விட்ட கட்டம் ஒன்றும் செய்யாது. ஊகித்து எழுதிய எண் பல வருடம் கழித்து ஒரு பொறியியலாளரின் கணக்கில் ஏறி, தவறான அளவில் ஒரு பம்ப் வாங்கவைக்கும். இரவு ஷிப்டில் என்ன நடந்தது என்று காலையில் வருகிறவர்களுக்கு இரண்டு நிமிடம் வாயால் சொல்லிவிட்டுப் போ. ஒரு மோட்டரின் சத்தம் மாறியிருக்கிறது, ஒரு தாங்கி வழக்கத்தைவிடச் சூடாய் இருக்கிறது என்பதெல்லாம் திரையில் ஏறாத செய்திகள். தேய்ந்த தாங்கி மின்சாரத்தைக் குடிக்கும், பிறகு ஒருநாள் நள்ளிரவில் நின்றுவிடும்.

11. ஊர்ச் சனத்தோடு பேசு. பென்டில் ஹில் கடைத்தெருவிலும் மேஸ் ஹில் முருகன் கோயில் மண்டபத்திலும் உன்னைக் காண்கிறவர்கள் என்ன வேலை என்று கேட்பார்கள். வெட்கப்படாமல் சொல். சொல்லிவிட்டு இதையும் சேர்த்துச் சொல்: வடை பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், ஆறவிட்டுப் பழைய போத்தலிலோ தாளிலோ எடுத்துக் குப்பையில் போடுங்கள், குழந்தை துடைக்கும் ஈரத்துடைப்பானைக் கழிவறையில் போடாதீர்கள், உறையில் என்ன எழுதியிருந்தாலும். குழாய்க்குள் எண்ணெய் இறுகும், துடைப்பான் அதில் சிக்கிக் கயிறாய்த் திரியும், பம்பின் இறக்கையில் சுற்றும். இறக்கையில் நார் சுற்றிய பம்ப் அதே தண்ணீரைத் தள்ளக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். கடைசியில் ஒருவர் அதை நிறுத்திக் கழற்றிக் கத்தியால் அறுத்து எடுக்கவேண்டும். எங்கள் அன்ரிமார் நல்லவர்கள், காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள். இதுவரை அவர்களிடம் தமிழில் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் நீ செய்யக்கூடிய மலிவான சேமிப்பு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

12. எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடி, உன் உயிர்ப் பாதுகாப்பில் மட்டும் பிடிக்காதே. மூடிய அறையின் காற்றாடி வீணாய் ஓடுகிறது என்று தோன்றும். அதை நிறுத்துவது உன் முடிவல்ல. ஐதரசன் சல்பைட்டு முதலில் அழுகிய முட்டை மணக்கும், பிறகு அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. மணம் போய்விட்டது என்று உள்ளே இறங்கியவர்களை, அவர்களைத் தூக்கப் பின்னால் இறங்கியவர்களையும் சேர்த்து, இந்தத் தொழில் எல்லா நாட்டிலும் இழந்திருக்கிறது. நம் நாட்டுப் பக்கம் இன்றும் இழந்துகொண்டிருக்கிறது. அனுமதித் தாள் இல்லாமல், மேலே ஓர் ஆள் நிற்காமல், எந்தக் குழிக்குள்ளும் தலையை விடாதே. மேலாளர் அவசரம் என்றாலும் விடாதே, கூட வேலை செய்கிறவர் சிரித்தாலும் விடாதே. வாயு அளக்கும் கருவியைச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில், மூக்குக்கு அருகில் மாட்டு, இடுப்பில் மாட்டாதே. ஷிப்ட் முடிந்ததும் அதைத் திரும்ப சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்கு வா. அம்மா சோறு போட்டு வைத்திருப்பாள்.